1947 ஹார்லி ஃபிரேமில் எண் இல்லை – போலியா?

போலி இல்லை. அதற்காக நீங்கள் வாங்க நினைக்கும் நக்கிள்ஹெட்டை (அந்தக் கால ஹார்லி இன்ஜின் வகை, அது உள்ள பைக்குக்கும் அதே பெயர்) விட்டுவிட்டு, இன்னொரு பழைய அமெரிக்க பைக்கான இண்டியன் சீஃப் பக்கம் போக வேண்டாம். ஹார்லி 1970 மாடலிலிருந்துதான் ஃபிரேமில் எண் அடித்தது; அதற்கு முன் இன்ஜின் எண்தான் வண்டி எண். ஃபிரேமில் எண் இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்!

இடப்பக்க கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு, இரு பாதிகளாக இருக்கும்) 47ஈஎல், 47எஃப்எல் போல எண் தொடங்குகிறதா பாருங்கள்; 47 என்பது ஆண்டு, எழுத்துகள் மாடல். பிறகு தரையில் படுத்து டார்ச் அடியுங்கள். கிராங்க்கேஸின் இரு பாதிகளுக்கும் அடியில் ஒரே எண் இருக்க வேண்டும். வேறுபட்டால் ஒரு பாதி மாற்றியது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எண் அடித்த இடம் அரம் போட்டதுபோல் வழவழவென்று இருந்தால் மட்டும் அந்த வண்டியைத் தொடவே தொடாதீர்கள், எண்ணை அழித்ததாகச் சந்தேகப்பட்டு பதிவு செய்யும்போது சிக்கல் வரும். அப்போது சீஃப்தான் சரி. ஆனால் பல சீஃப்களில் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) இடது கையில் இருக்கும். அதனால் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.