சும்மா இருந்ததாகச் சொன்ன அந்த ஒரு வருஷம்

அண்ணே,

புதன்கிழமை நீங்களும் அண்ணியும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பாதிதான் பேச முடிந்தது. மீதி நேரத்தைச் சென்னையிலிருந்து ஸ்பீக்கர் போனில் அவன் சித்தப்பா எடுத்துக்கொண்டார். ப்ளஸ் டூ முடித்து ஒரு வருஷம் மாமாவின் நெல் அறுப்பு வண்டியோடு சும்மா சுற்றிவிட்டான், இப்போது அந்த வண்டியோடேயே போய்விடுகிறேன் என்கிறான், ராத்திரி தூக்கமே இல்லை என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டதும், நானும் "எல்லாம் சரியாயிடும், விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. நீங்கள் கையெழுத்துப் போடப் போகிற காரியம் தானாகச் சரியாகிற வகை இல்லை.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டலோடு நான்கு வருஷத்துக்கு ஏழு லட்சம், அதற்கு ஒன்றரை ஏக்கர் அடமானம். இதுதானே சித்தப்பா போட்ட கணக்கு? பையன் கணக்குப் பாடத்தில் எடுத்தது நூற்றுக்கு 43. முதல் வருஷத்திலேயே கணக்குப் பேப்பர்கள் வரிசையாக வரும், அவன் அதில் அரியர் வைப்பான், நீங்கள் இங்கே வட்டி கட்டுவீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து நன்றாக இருப்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் அவனுக்கு என்ன பிடிக்கும் என்று நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அவன் சித்தப்பா போனில் பதில் சொன்னார். அந்த நிலத்தை வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பி.இ., கலைக் கல்லூரி, டிஎன்பிஎஸ்சி கோச்சிங் பற்றி நான் இங்கே எழுதவில்லை. உங்கள் தெருவில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்களும் அண்ணியும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். அட்டையில் கிரீஸ் கைத்தடம். உள்ளே ஸ்கேலால் கோடு போட்டு, தேதி, ஊர், வண்டியின் மணி மீட்டர் ஆரம்பம், முடிவு, டீசல் எத்தனை லிட்டர், வண்டி நின்றால் எதனால் நின்றது என்று தினமும் எழுதி வைத்திருக்கிறான். அவன் மாமா எழுதச் சொல்லவில்லையாம், இவனாகவே எழுதியது. ஜனவரியில் ஒருநாள், ஒரத்தநாடு பக்கம்: "பனி. 10.40க்குத்தான் இறங்கினோம். சாய்ந்த பயிர், ஏக்கருக்கு 2 மணி 10 நிமிஷம், வயல்காரர் சண்டை. அண்ணன் ரீலை இறக்கிச் சாய்ந்த பக்கத்துக்கு எதிராகத் திருப்பினார், அடுத்த ஏக்கர் 1.35." அண்ணன் என்றால் டிரைவர், ரீல் என்றால் வண்டிக்கு முன்னால் சுழன்று பயிரை உள்ளே தள்ளுகிற பகுதி. இன்னொரு பக்கத்தில், வண்டி துப்புகிற வைக்கோலை உதறி உள்ளங்கையில் எத்தனை நெல் விழுகிறது என்று எண்ணி, புளோயர் காற்றைக் கூட்டியபோது எத்தனை, குறைத்தபோது எத்தனை என்று எழுதியிருக்கிறான். காற்று கூடினால் நெல்லும் வைக்கோலோடு பின்னால் போய்விடும். குறைந்தால் டேங்கில் பதரும் தூசியும் சேர்ந்து, கொள்முதல் நிலையத்தில் தூற்றிக்கொண்டு வா என்பார்கள். பயிருக்குப் பயிர், ஈரத்துக்கு ஈரம் இது மாறும். பிசிக்ஸில் பார்டரில் பாஸான பையன் என்று நீங்கள் சொன்னவன்தான் இதை எழுதியவன்.

சும்மா இருந்த அந்த வருஷத்தில் அவன் போன பாதையைப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் டெல்டாவில் குறுவை. தீபாவளி முடிந்ததும் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு துங்கபத்ரா கால்வாய்ப் பாசனத்துக்கு, அதாவது கங்காவதி, ராய்ச்சூர் பக்கம். பொங்கலுக்கு மறுபடி தஞ்சாவூர், சம்பாவும் தாளடியும். மார்ச்சில் பாலக்காடு, அங்கிருந்து குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற வயல்கள் அவை, பல இடங்களில் வண்டியையே படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற வண்டி, சேற்றில் இறங்கிவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுக்க ஒரு முழு ராத்திரி போகும். சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல் பக்கத்து வண்டிகள் வருஷா வருஷம் இப்படித்தான் நெல் பழுக்கிற திசை பார்த்துப் போய்க்கொண்டிருக்கின்றன, போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி மாதிரி.

இதை நாடோடிப் பிழைப்பு என்றீர்கள். பஞ்சாபில் நாபா, பாட்சன் பக்கம் இந்த வண்டிகளைத் தயாரிக்கிற கம்பெனிகளே இருக்கின்றன. அந்த மாநிலத்து ஆட்கள் மார்ச்சில் மத்தியப் பிரதேசம், குஜராத் என்று இறங்கிக் கோதுமை அறுத்துக்கொண்டே வடக்கே ஏறி, ஏப்ரலில் வருகிற வைசாகிப் பண்டிகை சமயத்தில் சொந்த வயலுக்குத் திரும்புவார்கள். 2020 ஊரடங்கில் பஸ், ரயில் எல்லாம் நின்றபோதும் அறுவடை வண்டிகள் மாநிலம் தாண்ட மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. இந்த வண்டிகள் நின்றால் சாப்பாடு நின்றுவிடும், அதனால்தான். பையன் யூடியூபில் பார்க்கிற அமெரிக்கக் குழுக்களும் இதே கதைதான்: மே மாதம் டெக்சாஸில் ஆரம்பித்து, கோதுமை பழுக்கப் பழுக்க மேலே மேலே போய், கோடை முடியும்போது மொன்டானா, வடக்கு டகோட்டா எல்லையில் நிற்பார்கள். உலகப் போர் நடந்த 1944இல் ஆள் பற்றாக்குறைக்கு மாஸ்ஸி ஹாரிஸ் கம்பெனியின் 500 வண்டிகள் இப்படித் தெற்கிலிருந்து வடக்கே அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன. (அங்கே வேலை வாங்கித் தருகிறேன் என்று எவனாவது ஏஜென்ட் பணம் கேட்டால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பையன் கண்ணில் அந்த ஆசை தெரிந்தது, அதனால்தான் இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.)

சரி, அப்படியென்றால் நாளைக்கே வண்டியேற்றி அனுப்பச் சொல்கிறேனா? கிடையாது. பையனிடமும் இதைச் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிப்போனது.

டிரைவராக மட்டும் போனால் மணிக்கு இவ்வளவு என்று படிக்காசு, சாப்பாடு, தார்ப்பாயில் தூக்கம், கொசு. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. சீசன் முடிந்ததும் பாக்கிப் பணத்துக்கு ஓனர் பின்னாலேயே அலைய வேண்டும். மாமா வண்டி என்பதால் இவன் தப்பித்தான். மழை விழுந்தால் நான்கு நாள் வயலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நான்கு நாளில்தான் குடிப்பழக்கம் ஒட்டும். முப்பது வயதில் முதுகு போனால் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

அந்தக் காகிதத்தை முதலில் வாங்கட்டும். ஐடிஐயில் விவசாய இயந்திர மெக்கானிக் என்று இரண்டு வருஷப் படிப்பு ஒன்று இருக்கிறது. எல்லா ஐடிஐயிலும் கிடையாது, விண்ணப்பிக்கும் முன் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் டிராக்டர் மெக்கானிக், அதுவும் இல்லாவிட்டால் டீசல் மெக்கானிக், இரண்டும் ஒரு வருஷம்தான். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் இலவசம். இவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம், அது ஐடிஐக்கும் உண்டு. ஏழு லட்சத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அப்புறம் அனந்தப்பூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கென்றே உள்ளது, டிராக்டர், அறுவடை வண்டி எல்லாம் பிரித்துப் போட்டுச் சொல்லித் தருகிற இடம். ஐடிஐ முடித்ததும் அங்கே ஒரு பயிற்சி எடுத்துக்கொண்டால் ஊரில் யாரிடமும் இல்லாத சான்றிதழ் இவனிடம் இருக்கும்.

எதற்கு இவ்வளவு என்றால், நான் அவனுக்குப் பார்த்து வைத்திருக்கிற வேலை டிரைவர் வேலை இல்லை. அறுவடையோடு கூடவே போகிற மெக்கானிக் வேலை. சம்பா உச்சத்தில் ஒரு பெல்ட் வண்டி ஒரு மணி நேரம் நின்றால் ஓனருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் நஷ்டம். வயல்காரருக்கு அதைவிடப் பெரிய பயம், மழை வந்துவிடுமோ, நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டிக் கொள்முதலில் திருப்பிவிடுவார்களோ என்று. அந்த நேரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து வந்து, ஹைட்ராலிக் லைனில் எங்கே கசிவு, எந்த பேரிங் போயிருக்கிறது, எந்த சென்சார் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆளுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. வண்டி விற்கிற டீலர்களே சீசனுக்கு டெல்டாவில் சர்வீஸ் ஆட்களை இறக்கிவிடுகிறார்கள். அதில் சேர்ந்தால் மாதச் சம்பளமும் பி.எஃப்.-உம் வரும். அவன் ஆசைப்பட்ட ஊர் சுற்றலும் வரும். சீசன் இல்லாத ஜூன், ஜூலையில் ஆத்தூரிலேயே வண்டிகளைப் பிரித்துப் போட்டு வேலை இருக்கும். பிற்பாடு படிக்க ஆசை வந்தால் ஐடிஐ முடித்தவன் டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருஷத்துக்கும் போகலாம். சித்தப்பாவிடம் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள், அவருக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

இப்போது உங்களுக்கு. கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டீர்களே, "அப்ப ஒரு வண்டியே வாங்கிக் குடுத்துரலாமா?" என்று. வேண்டாம் அண்ணே. புது பெல்ட் வண்டி 25 லட்சத்துக்கு மேல். மானியம் வந்தாலும் மீதிக்கு அதே ஒன்றரை ஏக்கர்தான் போகும். அவன் நோட்டையே எடுத்துப் பாருங்கள், சம்பாவில் 41 நாளில் ஓடியது 298 மணி நேரம், மழைக்கு நின்றது ஆறு நாள், பழுதுக்கு நின்றது மூன்று நாள். அந்த வசூலிலிருந்து டீசல், படி, புரோக்கர் கமிஷன், லாரி வாடகை எல்லாம் கழியும். இரண்டு பெல்ட்டையும் மாற்றினால் லட்ச ரூபாய் போல ஆகிவிடும். ஆனால் தவணை மழைக்கு நிற்காது. என் மச்சான் ஒருவர் இப்படித்தான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். இரண்டாவதை ஃபைனான்ஸ்காரர்கள் திருவாரூர் வயலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போனார்கள். இவன் படித்து, மூன்று சீசன் அடுத்தவர் வண்டியில் கை கறுக்கட்டும். வண்டிப் பேச்சை அதுவரைக்கும் எடுக்கவே எடுக்காதீர்கள், அவன் கேட்டாலும்.

அவனுக்கும் ஒன்று. பதினெட்டு ஆகிவிட்டது, லைசென்ஸ் எடுத்துவிடு. டிரம்மில் வைக்கோல் சிக்கினால் இன்ஜினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பிறகு கையை விடு, டிரைவர் அண்ணன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. டேங்கைக் கொட்டுகிறபோது மேலே கரண்டுக் கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார். ராத்திரி வண்டிக்கு அடியில் படுக்காதே. நோட்டில் இதையெல்லாம் எழுதவில்லை, எழுதிக்கொள்.

அண்ணியிடம் சொல்லுங்கள், ஐடிஐ விண்ணப்பம் ஆன்லைனில் தான், திங்கட்கிழமை காலையில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோவோடு வந்தால் நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். சித்தப்பாவின் நம்பரையும் அனுப்புங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.