முதலில் குமிழியைப் பாருங்கள்: கிரீக் கரைக் கேள்வி பதில்

மெல்பேர்னில் முல்லம் முல்லம் கிரீக் (ஓடை) கரையில் விடியக்காலையில் குந்தியிருக்கிற ஆள் நான். பிளாட்டிபஸ் (வாத்து அலகு போன்ற அலகுள்ள நீர்ப் பாலூட்டி) பார்ப்பது பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். கங்காரு பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

அண்ணா, மூன்று கிழமையாய்ப் போறன். ஒரு பிளாட்டிபஸ்கூடக் கண்ணில் படேல்லை. எங்க பிழை?

எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லை. பத்து மணிக்கு என்றால் பிழை அதுதான். விடிகிற நேரம், இல்லாவிட்டால் பொழுதுபடுகிற நேரம். விலங்கைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். முதலில் வரிசையாகச் சின்னக் குமிழிகள் வரும். அடியில் அது கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு, அலகில் இருக்கும் 40,000 அளவிலான மின்னுணர்விகளால் புழுவின் தசை அசைவைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிடைத்த இரையைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் மேலே வரும். சில விநாடிகள் மிதந்து மென்றுவிட்டு மறுபடி முங்கும். முங்கியிருக்கும்போது மட்டும் நீங்கள் நகரலாம். மேலே வந்தால் அசையாமல் நில்லுங்கள். சரசரக்கிற மழைக்கோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று: எல்லோரும் பெரிதாக ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அது வீட்டுப் பூனையைவிடச் சின்னது.

70–300 லென்ஸ் காணுமா?

காணும். விடியலில் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றப் பயப்படாதீர்கள். ஷட்டர் 1/500க்குக் கீழே போக வேண்டாம். நின்று எடுக்காமல் கரையில் படுத்து, தண்ணீர் மட்டத்தில் எடுங்கள். உடுப்பில் சேறு படும். பிளாஷ் வேண்டாம்.

எந்த நேரம் போனால் நல்லது அண்ணா?

மேலே இருக்கிறது.

நேற்று நான் எடுத்த பிளாட்டிபஸ் படம். கல்லில் ஏறி இருந்து யாபி (நன்னீர்ச் சிங்கி இறால்) சாப்பிடுது! எப்படி?

படம் அருமை. ஆனால் அது பிளாட்டிபஸ் இல்லை, ரகாலி. இந்த நாட்டுப் பூர்வீக நீரெலி. வால் நுனி வெள்ளையாக இருக்கிறதே, பாருங்கள்.

இல்லை. என் மனுசியும் அலகைக் கண்டவ. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் பிளாட்டிபஸ் என்றுதான் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் இங்கே பிறந்தவராக இருக்கலாம், அதற்காக வால் நுனி நிறம் மாறாது. உங்கள் படத்திலேயே காது இரண்டும் வெளியே தெரிகிறது. பிளாட்டிபஸுக்கு வெளிக்காது கிடையாது. அது கல்லில் ஏறியிருந்து கையால் பிடித்துச் சாப்பிடாது, தண்ணீரிலேயே மெல்லும். ரகாலிதான் ஒரே கல்லைச் சாப்பாட்டு மேசையாக்கி, யாபி ஓடுகளைக் குவித்துவிட்டுப் போகும்.

சும்மா எலிக்கு ஏன் இவ்வளவு கதை? எங்கட வளவுக்குள்ளும் ஒன்று வருது, மருந்து வைக்கலாமா?

வைக்காதீர்கள்! சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. 1930களில் தோலுக்காக வேட்டையாடியது போதும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில், நச்சுக் கேன் தேரையைக் கவனமாகக் கிழித்து இதயத்தையும் ஈரலையும் தேர்ந்தெடுத்துத் தின்கிற அளவுக்குக் கெட்டிக்காரப் பிராணி. எனக்குப் பிளாட்டிபஸைவிட ரகாலியைத்தான் பிடிக்கும்.

யாபி என்றதும் நினைவு வந்தது. கராஜில் யாபி பிடிக்கிற பழைய கூடு ஒன்று கிடக்கு...

மூடின வகையா, ‘ஒபரா ஹவுஸ்’ கூடா? வெட்டிக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். உள்ளே போன பிளாட்டிபஸும் ரகாலியும் ஆமையும் மூச்சு வாங்க மேலே வர வழியில்லாமல் செத்துப்போகும். விக்டோரியாவில் 2019 ஜூலையிலும் நியூ சவுத் வேல்ஸில் 2021இலும் தடை செய்துவிட்டார்கள். கரையில் கிடக்கிற ரப்பர் வளையம், தலைமயிர் பாண்ட், போத்தல் மூடி வளையம் எது கண்டாலும் எடுத்து வெட்டிக் குப்பையில் போடுங்கள். கழுத்தில் மாட்டினால் அதுகளால் கழற்ற முடியாது.

பிள்ளைகள் வாத்துக்குப் பாண் போடலாமா மாமா?

வேண்டாம்.

பாம்புப் பயம்?

கோடையில் டைகர் பாம்பு (நச்சுப் பாம்பு) இருக்கும். புல்லுக்குள் நடக்காதீர்கள். கடித்தால் கழுவவும் கூடாது, வெட்டி உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட கை அல்லது கால் முழுக்க பாண்டேஜை இறுக்கிச் சுற்றி, அசையாமல் படுத்து 000க்கு (அவசர உதவி எண்) அடியுங்கள்.

பிளாட்டிபஸைப் பிடித்தால் கடிக்குமா?

ஏன் பிடிக்கிறீர்கள்? ஆணின் பின்காலில் நச்சு முள் இருக்கிறது. அந்த வலிக்கு மோர்பீனும் சரியாக எடுபடாது.

ஒபரா ஹவுஸ் கூடு என்றால் சிட்னியில்தான் விற்கிறதோ?

சிட்னி ஒபரா ஹவுஸ் கட்டடம் போன்ற வடிவத்துக்காக வைத்த பெயர். வாங்காதீர்கள். வெட்டுங்கள்.

அண்ணா, ரகாலிப் படம் போட்ட ஆள்தான். இன்று விடிய ஐந்தரைக்கே போனேன். இந்தப் படத்தில் காதும் இல்லை, வெள்ளை வாலும் இல்லை. இப்ப என்ன சொல்லுறீங்கள்?

படுத்தபடி எடுத்திருக்கிறீர்கள், கோணம் நல்லாயிருக்கு. ஆனால் அது மரக்கட்டை.