பெட்டி நாற்பது, கிலோ எத்தனை?

அன்புள்ள சார்,

சரக்குக் கணக்கு மென்பொருள்கள் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துவருகிறேன். நான் தலோஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். சுர்மை (வஞ்சிரம்), பாப்லெட் (வவ்வால்), கோழி எல்லாம் வந்து ஓட்டல்களுக்குப் போகிறது. எங்கள் மென்பொருளில் ஒரு பெட்டி சுர்மை என்றால் 20 கிலோ என்று போட்டு வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஒன்று 19.2 இருக்கும், இன்னொன்று 20.6 இருக்கும். மாதக் கடைசியில் கணினியும் கிடங்கும் ஒத்துப்போவதே இல்லை. சேட் லோடிங் ஆட்கள் மேல் சந்தேகப்படுகிறார். பேசாமல் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கிலோவிலேயே வைத்துக்கொள்ளலாமா?

— பெயர் வேண்டாம், நவி மும்பை

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டிக் கணக்கை விடாதீர்கள். கிலோவில் மட்டும் வைத்தால் சேட்டுக்குக் கொஞ்ச நாள் நிம்மதி, உங்களுக்கு இருக்காது. மைனஸ் 18 டிகிரி அறைக்குள் நின்றுகொண்டு ஆறாயிரம் கிலோவை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? பெட்டியை எண்ணலாம். கிலோ வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக இறக்கி நிறுக்க வேண்டும். அதே சமயம் கிலோவையும் விட முடியாது. வாங்குவதும் விற்பதும் கிலோவுக்குத்தானே.

இப்போது நடப்பது இதுதான். 40 பெட்டி சுர்மை வருகிறது. மென்பொருள் 40-ஐ 20-ஆல் பெருக்கி 800 கிலோ வரவு வைக்கிறது. உண்மையில் வந்தது 786.4 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல்களுக்கு நிறுத்துத்தான் பில் போடுகிறீர்கள். 40 பெட்டியும் போனபின் பற்று 786.4. கிடங்கு காலி, திரையில் மட்டும் 13.6 கிலோ. அதைத் திரும்ப 20-ஆல் வகுத்து 0.68 பெட்டி இருப்பு என்றும் காட்டும். யார் தூக்குவது அந்த 0.68 பெட்டியை? அடுத்த 40 பெட்டி லோடு 820 கிலோ வந்தால் கணக்கு மைனஸில் போகும். அப்போது யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, அந்த 13.6 கிலோவை யாரும் எடுத்துப்போகவில்லை, அது உள்ளே வரவே இல்லை. சப்ளையர் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் 800 என்று இருந்தால் சேட் கோபப்பட வேண்டிய இடம் அதுதான்.

செய்ய வேண்டியது, பெட்டி எண்ணிக்கை, எடை இரண்டையும் தனித்தனியாகப் பதிவது; ஒன்றைப் பெருக்கி மற்றதை வரவழைக்கக் கூடாது. எஸ்ஏபி, மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் போன்ற பெரிய மென்பொருள்களில் இதற்கென்றே ‘கேட்ச் வெயிட்’ என்று ஒரு வசதி உண்டு. உங்கள் மென்பொருள்காரரிடம் கேட்டால் ‘ஆல்டர்நேட் யூனிட் இருக்கிறதே’ என்பார். ஒரு பெட்டி இத்தனை கிலோ என்ற நிலையான விகிதம்தான் அதில் இருக்கிறது என்றால் நீங்கள் இப்போது படும் பாடே அதுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சொந்த எடையைப் பதிய முடியுமா என்று கேளுங்கள். 20 என்ற சராசரி, ஆர்டர் போடும்போது தோராயம் பார்க்க மட்டும் இருக்கட்டும். கூடவே குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் வைக்கச் சொல்லுங்கள். 17-க்குக் கீழேயோ 23-க்கு மேலேயோ யாராவது அடித்தால் திரை நிற்க வேண்டும்.

கையால் அடிப்பதைவிட ஸ்கேன் செய்வது மேல். பெரிய சப்ளையர்களின் பெட்டியில் ஜிஎஸ்1 (உலகப் பொது பார்கோடு தரம்) லேபிள் இருந்தால் எடை பார்கோடிலேயே இருக்கும். எடை மாறும் சரக்கு என்றால் 14 இலக்கப் பொருள் எண் 9-இல் தொடங்கும். அப்புறம் 3103 என்று வந்து, அதன் பின்னால் ஆறு இலக்கம்: 019460 என்றால் 19.460 கிலோ. 3103-இன் கடைசி 3-க்கு மூன்று தசமம் என்று பொருள். இன்னொரு சப்ளையர் 3102 போட்டிருந்தால் அதே ஆறு இலக்கம் 194.60 கிலோ! புரோகிராம் எழுதுபவர் அந்தக் கடைசி இலக்கத்தைப் படிக்காமல் விட்டால் ஒரே ஸ்கேனில் கணக்கு பத்து மடங்கு பிசகும். மேலே சொன்ன வரம்பு அங்கேயும் காப்பாற்றும். லேபிள் இல்லாத பெட்டியை நீங்களே நிறுத்து, எடையும் பெட்டி எண்ணும் போட்ட லேபிளை ஒட்டுங்கள், தராசை உறைபனி அறைக்கு வெளியே முன்னறையில் வைத்துக்கொண்டு. பெட்டி எடையையும் மீன்மேல் படிந்த ஐஸையும் கழித்தது நிகர எடை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் எடையளவுத் துறை முத்திரை வாங்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எடுக்கும்போது இன்ன பெட்டியை எடு என்று கணினி கட்டளை போடக்கூடாது. அந்தக் குளிரில் அடுக்கின் அடியில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு பெட்டியை யாரும் தேட மாட்டார்கள்; கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு கணினி கேட்ட நம்பரை அடித்துவிடுவார்கள். இன்ன தேதிச் சரக்கில் ஐந்து பெட்டி என்று மட்டும் சொல்லட்டும். ஆள் எடுத்ததை ஸ்கேன் செய்யட்டும். அந்த ஐந்தின் எடை எதுவோ அதுவே பில். ‘100 கிலோ’ என்று ஆர்டர் தரும் ஓட்டலிடம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல கனமான பெட்டியைத் தெரிந்த பார்ட்டிக்கு ஒதுக்குகிறவர்கள் எல்லாக் கிடங்கிலும் உண்டு. எடைக்குக் காசு என்றான பிறகு அதனால் நஷ்டமில்லை.

சீல் வைத்த உறைந்த மீனை உள்ளே வரும்போது ஒரு முறை நிறுத்தால் போதும். அந்த எடையோடே வெளியே போகட்டும். கோழி அப்படியல்ல. உறையாத கோழியிலிருந்து நீர் வடியும், எடை குறையும். அதை வெளியே போகும்போது மறுபடி நிறுத்து, வித்தியாசத்தைச் ‘சேதாரம்’ என்று தனித் தலைப்பில், தேதியோடு எழுதுங்கள். ஸ்டாக் திருத்தம் என்று மொத்தமாக அமுக்கிவிட்டால் எது இயற்கையாகக் குறைந்தது, எது உண்மையிலேயே களவு போனது என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது. பெட்டிக்கொரு எண் இருக்கும்போது களவு போனால், இன்ன பெட்டி இல்லை என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் பெட்டிகளை இதற்காக வெளியே இழுக்காதீர்கள். பழைய சரக்கு மென்பொருளில் பழைய ஐட்டம் கோடிலேயே (பொருள் குறியீடு) இருக்கட்டும். அடுத்த லோடிலிருந்து புதிய கோடு. பழையது போகப்போக நிறுத்து பில் போடுங்கள். கடைசிப் பெட்டியும் போனபிறகு அந்தக் கோடில் மிஞ்சி நிற்கும் கிலோவை, பிளஸோ மைனஸோ, ஒரே பதிவில் சேட் கையெழுத்தோடு தள்ளுபடி செய்து அந்த ஐட்டம் கோடை மூடிவிடுங்கள்.