கேள்வி–பதில்: தோல் அடை காற்றில் காயக் கூடாது

கேள்வி: சிவப்பு ஒயின் செய்ய, கலிபோர்னியா கேபர்னே சாவிஞான் திராட்சை ஐந்து பெட்டி வாங்கி, காம்பு நீக்கி நசுக்கி, 100 லிட்டர் தொட்டியில் நொதிக்க விட்டேன். எட்டு நாளில் சர்க்கரை முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் தோலோடு ஊற விட ஆசை. மேலே மிதக்கும் தோல் கெடாமல் எப்படிக் காப்பது? – வாசகர், டொராண்டோ

பதில்: முதல் வேலை, அந்தத் தொட்டியை மாற்றுவது. பெட்டிக்கு 36 பவுண்டு என்றால் மொத்தம் 80 கிலோ சொச்சம். நசுக்கிய பிறகு 70 லிட்டர் இருக்கும். பொங்கி வழியாமலிருக்க மேலே 30 லிட்டர் இடம் விட்டது நொதிக்கும்போது சரி. அப்போது அந்த இடம் முழுக்கக் கரியமில வாயு நின்று தோலைப் போர்த்தியிருந்தது. ஈஸ்ட் ஓய்ந்ததும் வாயு வரத்தும் நின்றுபோகும். அடையை, அதாவது மேலே மிதக்கும் தோல் அடுக்கை, அமுக்க நீங்கள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று அங்கே குடியேறும். காற்று, ஈரத் தோல், ஆல்கஹால் மூன்றும் சேர்ந்தால் ஆல்கஹாலை வினிகராக்கும் பாக்டீரியாவான அசிட்டோபாக்டருக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரிதான். ஒயினுக்குள் மூழ்கிய தோலில் காற்றில்லாமல் அது பெருகாது. வெளியே தலைநீட்டும் மேல் இரண்டு அங்குலத்தில்தான் வினிகர் தொடங்கும்.

அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் தொடர்ந்து 0.995 அல்லது அதற்குக் கீழே ஒரே அளவு காட்டியதும் மாற்றிவிடுங்கள். உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் 60 லிட்டர் அகலவாய் பீப்பாய் ஒன்று எடுத்து, தோல் முழுவதையும் அதில் போட்டு, ஒயினை ஊற்றுங்கள். தோலில்லாத பத்து லிட்டர் மிஞ்சும். அதைக் கண்ணாடி கார்பாயில் (குறுகிய கழுத்துள்ள பெரிய குடுவை) கழுத்துவரை நிரப்பி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) போட்டு வையுங்கள். மட்டம் இறங்கினால் ஊற்றிக்கொள்ள அது உதவும்.

அடுத்து, தோலை அமுக்கிப் பிடிக்க ஒரு தட்டி. எவர்சில்வர் கம்பி வலை அல்லது உணவுத் தரப் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு போதும். பீப்பாயின் தோள்பட்டைக்குக் கீழே இறுகச் சிக்கி நிற்கும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அலுமினியமும் துத்தநாகம் பூசிய இரும்பும் வேண்டாம், ஒயினின் அமிலம் அரித்துவிடும். தட்டிக்கு மேலே மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஒயின் நிற்க வேண்டும். இத்தாலியின் பியட்மான்ட்டில் பரோலோ ஒயினுக்கு மரச்சட்டம் வைத்துத் தோலை மூழ்கடிப்பது பழைய பழக்கம்; நீங்கள் செய்வதும் அதேதான். மூடியில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, ஏர்லாக் செருகுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். அறை குளிர்ந்தால் ஒயின் சுருங்கித் தட்டி வெளியே தெரியும். இதன் பிறகு தினமும் கிளறும் வேலையே கிடையாது. அமுக்குகோலைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.

கேள்வி: பீப்பாய் கிடைக்கவில்லை. தொட்டியிலேயே ஆர்கான் வாயு ஒருமுறை அடித்து மூடினால் போதாதா? – வாசகர், மெல்பர்ன்

பதில்: போதாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானதுதான், ஆனால் எண்ணெய் தண்ணீர் மாதிரி அது பிரிந்தே கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு கலந்துவிடும். மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி அடிக்க வேண்டும். மலிவான வழி ட்ரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு. ஒரு கிலோவிலிருந்து சுமார் 550 லிட்டர் வாயு வரும்; 30 லிட்டர் காலி இடத்துக்கு 150 கிராம் தாராளம். கையுறை போட்டு எடுத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து அடையின் மேல் மிதக்க விடுங்கள். மூடியை இறுக்கிவிடாதீர்கள், வாயு வெளியேற வழியில்லாவிட்டால் தொட்டி வெடிக்கும். அறை ஜன்னல் திறந்திருக்கட்டும். கரியமில வாயு தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். இந்த முறையில் நாளுக்கு ஒருமுறையாவது அடையை மெதுவாக அமுக்கி நனைக்க வேண்டும். மூன்று வாரம் இதைத் தவறாமல் செய்வது சிரமம். பீப்பாய் தேடுவதே எளிது என்பேன்.

கேள்வி: மூடியைத் திறந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. கிளறிவிட்டால் போகுமா? – வாசகர், லண்டன்

பதில்: கிளறவே கிளறாதீர்கள்! அது வினிகர் பாக்டீரியா கிளப்பும் எத்தில் அசிட்டேட் வாடை. இப்போது அமுக்கினால் மேலே இருக்கும் கேடு முழுத் தொட்டிக்கும் போகும். மேல் அடுக்கை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு அகப்பையால் வழித்து எறியுங்கள். கீழே உள்ள ஒயினைக் குழாய் வழியே தனியாக இறக்கி முகருங்கள். சுத்தமாக இருந்தால், பத்து லிட்டருக்கு கிருமியைத் தடுக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 0.9 கிராம் கரைத்து, கார்பாயில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மேலோலாக்டிக் நொதிப்பு (பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும் இரண்டாம் கட்டம்) முடியாமலிருந்தால் அது தடைபடும். வினிகராவதற்கு அது தேவலை. பிழியும் ஒயினை இதோடு கலக்காதீர்கள். இறக்கிய ஒயினிலும் அதே வாடை என்றால் வீட்டில் அதற்கு வைத்தியம் கிடையாது.

கேள்வி: எத்தனை நாள் ஊறலாம்? – அதே வாசகர்

பதில்: பழத்தைப் பொறுத்தது. விதை பச்சையாக இருந்தாலோ, பூஞ்சை பிடித்த குலை கலந்திருந்தாலோ, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 3.8க்கு மேல் (அதாவது புளிப்பு குறைவாக) இருந்தாலோ ஒரு நாளும் வேண்டாம், சர்க்கரை முடிந்ததும் பிழிந்துவிடுங்கள். நல்ல பழம் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம். நிறம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது முதல் வாரத்திலேயே தோலிலிருந்து ஒயினுக்குள் இறங்கிவிட்டது. கொஞ்சம் குறையவும் செய்யும். வாரம் இருமுறை சுவையுங்கள். இரண்டாம் வாரத்தில் விதைத் துவர்ப்பு ஏறி நாக்கை இழுக்கும். பிறகு பல ஒயின்களில் அந்த முரட்டுத்தனம் அடங்கி வாய்க்குள் வழுவழுப்பு வரும். தட்டி போடாதவர்களுக்கு இன்னொரு அடையாளம், தோல் தானாகவே அடியில் இறங்கத் தொடங்கும். அன்றைக்கே பிழியுங்கள்.