சிறுவயது கார்ட்டூன்கள் விளையாட்டுத்தனத்தையும் நாம் நாமாக இருப்பதையும் கற்றுத்தருமா?

தரும். எனக்குக் கற்றுத்தந்தது ஸ்பாஞ்ச்பாப் என்ற கார்ட்டூன். 1999-இல் தொடங்கிய அதை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க், கடல் உயிரியல் கற்பித்தவர். அதனால்தான் கடற்பஞ்சு, நட்சத்திரமீன், நண்டு எல்லாம் அதில் வருகின்றன. மூன்றும் மன்னார் வளைகுடாவிலும் உண்டு என்பதால் பாம்பன், மண்டபம் பிள்ளைகளுக்கு அந்த உலகம் அந்நியமில்லை.

அதன் நாயகனான கடற்பஞ்சு ஸ்பாஞ்ச்பாப், உணவகத்தில் சமையல் வேலை பார்ப்பவன். அந்த வேலையைக் கொண்டாடிச் செய்கிறான். பக்கத்துவீட்டு ஸ்க்விட்வார்ட் எவ்வளவு முகம் சுளித்தாலும் தன் சிரிப்பை ஒளிப்பதில்லை. ஜெல்லிமீன் பிடிப்பது அவனுக்கு விளையாட்டு. (நம் கடலில் சொறி எனப்படும் ஜெல்லிமீனைத் தொட்டால் எரியும், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்!)

கரையில் கேலி பேசிக்கொண்டே வலை சரிசெய்யும் பெரியவர்களிடமும் இதே குணம் உண்டு. ஆனால் பிள்ளைகள் துள்ளினால் மட்டும் “வயசுக்கேத்த மாதிரி இரு” என்று அதட்டுகிறோம். எனக்கு அது வருத்தம். அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாருங்கள். ஸ்க்விட்வார்ட் ஏன் சிரிப்பதில்லை என்று கேளுங்கள்.