தொற்றுநோய் வந்தால் அரசு நிர்வாகத்தால் எப்படி வேகமாகச் செயல்பட முடிகிறது?

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா என்ற உயிர்கொல்லி வைரஸ் நோய் பரவியதை எடுத்துக்கொள்வோம். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்ததும் மருத்துவர்கள் சந்தேகப்பட்டு நோயாளிகளின் மாதிரிகளை மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அது நிபாதான் என்று புனேவில் உள்ள தேசிய வைராலஜி (வைரஸ் ஆய்வு) நிறுவனம் உறுதிசெய்தது. என்னைக் கேட்டால், வேகத்தில் பாதி இங்கேதான். ‘இது வழக்கமான காய்ச்சல் இல்லை’ என்று யாராவது நேரத்தோடு சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் நிர்வாகத்தின் வேலை. நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பட்டியலிட்டுக் கண்காணித்தார்கள். மொத்தம் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்த ஒரு செவிலியரும் அதில் அடக்கம், அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 2019இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை.