கணிதம்: கேள்வி – பதில்

கேள்வி: விண்மீன் வடிவச் சார்புகளின் பொதுமைப்பாட்டில் வரும் ‘வரிசை ஆல்பா’ எதை அளக்கிறது?

பதில்: பெயரைக் கேட்டு ஐந்து முனை நட்சத்திரத்தை எண்ணிவிட வேண்டாம். இசட் என்ற சிக்கலெண் மாறி உலவும் அலகு வட்டத்தட்டை (ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள தட்டு) சார்பு கொண்டுசெல்லும் பிம்பத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும், ஆதிப்புள்ளியில் நிற்பவருக்கு நேர்கோட்டில் மறைவின்றித் தெரிய வேண்டும் என்பதே நிபந்தனை. சார்பு ஒன்றுக்கொன்றானது (வெவ்வேறு புள்ளிகளுக்கு வெவ்வேறு மதிப்பு), ஆதிப்புள்ளியில் அதன் மதிப்பு 0, வகைக்கெழு 1 என்று கொண்டால், வகைக்கெழுவை இசட்டால் பெருக்கிச் சார்பால் வகுத்துக் கிடைக்கும் ஈவின் மெய்ப்பகுதி தட்டு முழுவதும் நேர்மமாக இருக்க வேண்டும் என்பதும் இதே நிபந்தனைதான். அந்த மெய்ப்பகுதி 0-ஐ மட்டுமல்ல, 1-க்குக் குறைந்த ஆல்பா என்ற எண்ணையும் விஞ்ச வேண்டும் என்ற வகுப்பை 1936இல் கணிதவியலாளர் ராபர்ட்சன் ஆராய்ந்தார். இசட் வட்டத்தில் சுற்றும் வேகத்தில் ஆல்பா பங்குக்குக் குறையாமல் ஆதிப்புள்ளியில் நிற்பவரின் பார்வையும் திரும்புகிறது. ஆல்பா அளப்பது அந்தத் திருப்பத்தைத்தான்.

இசட்டுடன் அதன் வர்க்கத்தில் பாதியைக் கூட்டிப் பாருங்கள்: இசட் −1-ஐ நெருங்கும்போது ஈவு 0-ஐ நெருங்குவதால் வரிசை 0-க்கு மேல் ஏறாது. பாதிக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால், அதே இடத்தில் ஈவு 1/2-ஐ நெருங்குகிறது, வரிசையும் 1/2. குவிவுச் சார்புகள் (பிம்பத்தின் எந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டும் பிம்பத்துக்குள்ளேயே அடங்குபவை) அனைத்துக்கும் குறைந்தது இந்த 1/2 உண்டு என்பது, என் பார்வையில், இத்துறையின் மிக அழகான முடிவு. பின்னாளில் மா, மிண்டா என்ற கணிதவியலாளர்கள், ஈவு அடங்க வேண்டிய அரைத்தளத்தின் (மெய்ப்பகுதி ஆல்பாவை விஞ்சும் பகுதி) இடத்தில் மெய்யச்சைப் பொறுத்துச் சமச்சீரான வேறு பரப்புகளையும் அனுமதித்தனர்.